அந்தச் சுவர் யாரைப் பார்த்துப் பேசியது?

என் செல்ல மகனே,

நேற்றுக் காலை நந்தினி போன் செய்தாள். இன்னும் இருபது நாளில் நம் வீட்டு மருமகளாகப் போகிறவள், புடவை நிறம் ஏதாவது கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவளோ எடுத்த எடுப்பிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஆன்ட்டி, அந்தச் சாமி டைல்ஸ் கதையை உங்க பையன் இப்பத்தான் சொன்னான். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது. புனேயில எங்க புது வீட்டுக் காம்பவுண்டு சுவர்லயும் அதே பிரச்சினைதான். எந்தச் சாமியை எந்த இடத்துல ஒட்டணும்னு நீங்கதான் லிஸ்ட் போட்டுத் தரணுமாம். நீங்க அதுல எக்ஸ்பர்ட்டாம்!" நானும் அவளோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் திக்கென்றது. சிரித்தது என் வாய்தானா என்று எனக்கே நம்பமுடியவில்லை. பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, "என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நீ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியை உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டவள் நான். உனக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். வங்காளியில் எழுதினால் மளமளவென்று படித்துவிடுவாய். ஆனால் இதை என் பாஷையில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். அதனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி. கல்யாண வேலையெல்லாம் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

அப்பாவுக்கு மாற்றலாகி நாம் வங்காளத்துக்கு, இந்த டாக்குரியாவுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. எனக்கு வங்காளியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிற வழியில், உன் பாடப் புத்தகத்தில் இருந்த எழுத்துகளைச் சுவர்களில் தேடிப் பிடித்துத்தான் நான் படிக்கக் கற்றுக்கொண்டேன். நீதான் என் வாத்தியார். நான் முதலில் தட்டுத் தடுமாறிப் படித்தது மினிபஸ்ஸுக்குள் எழுதியிருந்தது. டிரைவர் தலைக்கு மேலே காளி படம், செம்பருத்தி மாலை, ஊதுபத்தி. அதற்கு நேர் கீழே, 'உங்கள் பொருளுக்கு நீங்களே பொறுப்பு'. எனக்கு ஒரே அதிர்ச்சி. இவ்வளவு பெரிய அம்மா மேலே உட்கார்ந்திருக்கும்போது என் பைக்கு நான்தான் பொறுப்பா என்று உன்னிடம் கேட்டேன். நீ பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். பவானிபூரில் ஒரு சின்னச் சர்ச் வாசலில், 'களைத்துப் போனவர்களே, உள்ளே வாருங்கள்' என்று ஒரு பலகையும், அதை ஒட்டியே 'வாசலில் வண்டி நிறுத்தினால் காற்றைப் பிடுங்கிவிடுவோம்' என்று இன்னொரு பலகையும் இருந்தன. தெருமுனைச் சனீஸ்வரன் கோயிலில், 'செருப்பைத் திருடுகிறவனை அவர் பார்த்துக்கொள்வார்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகும் நான் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன்.

அப்போதுதான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தேன். பலகையைப் பார்த்தால், 'என்ன எழுதியிருக்கு?' என்று நான் கேட்கமாட்டேன். 'இது யாரைப் பார்த்துப் பேசுது?' என்று கேட்பேன். சும்மா யாரும் பலகை எழுதுவதில்லை. செய்யாதே என்று எழுதியிருந்தால் அங்கே யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சனீஸ்வரன் பலகையைப் பார்த்துவிட்டு, "நேத்து புதுச் செருப்பு தொலைச்ச ஒரு பூசாரி எழுதினது" என்று நீ சொன்னாய். சர்ச் பலகைக்கு, "பாதிரியார் சைக்கிளை வெளியில எடுக்க முடியல" என்றாய். சரியாகச் சொன்னால் உனக்கு ஒரு பாயிண்ட். எனக்குச் சிரிப்பு மூட்டினால் இரண்டு பாயிண்ட். அந்தச் சின்ன வயதில் நீ இந்த ஊரையே சுவர் சுவராகப் புரிந்துகொண்டாய். நானும் பெரிய புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இனி உன் கதை. நம் கட்டடத்தின் பக்கச் சுவர் ஸ்டேஷனுக்குப் போகிற சந்துப் பக்கமாக இருந்தது. ரயில் பிடிக்க ஓடுகிற ஆண்கள் அத்தனை பேரும் அங்கே ஒதுங்குவார்கள். வெயில் ஏறினால் நம் சமையலறை ஜன்னலைத் திறக்கமுடியாது. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிப் பார்த்தோம். அந்த எழுத்தின் மேலேயே கழித்தார்கள். கடைசியில் செக்ரெட்டரி பிஸ்வாஸ் பாபு வீட்டில் மீட்டிங். சாமி டைல்ஸ் ஒட்டலாம் என்று யோசனை சொன்னது நான்தான். அப்பாவின் ஆபீஸ் மாடிப்படி மூலைகளில் வெற்றிலை எச்சில் துப்பாமல் இருக்க அப்படி ஒட்டியிருந்ததைப் பார்த்திருந்தேன். உடனே எந்தச் சாமி என்று சண்டை. நான் முருகன் என்றேன். பிஸ்வாஸ் பாபு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இங்கே முருகன் கார்த்திக், சாமி என்றால் டாகுர். "கார்த்திக் டாகுரா? அவர் மீசையை முறுக்கிக்கிட்டு மயில் மேல மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கிறவர். அவரைப் பார்த்து யார் பயப்படுவா, சொல்லுங்க!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலும் கையுமாகச் சூரனைப் பிளந்த எங்கள் குலசாமி, இங்கே வெறும் அழகு மாப்பிள்ளையா? வாங்கி வந்த முருகன் டைல் ஒட்டப்படாமல் நம் பரணிலேயே தங்கிவிட்டது. ஒரு காளி, ஒரு சிவன், ஒரு மசூதிப் படம், ஒரு சிலுவை, சுவர் திரும்புகிற வளைவில் இன்னொரு காளி என்று முடிவாயிற்று.

அவற்றை ஒட்டிய உயரம் எனக்கு அடுத்த அதிர்ச்சி. சாமி படத்தைத் தலைக்கு மேலேதான் மாட்டவேண்டும் என்று வளர்ந்தவள் நான். பிஸ்வாஸ் பாபு டேப் வைத்து அளந்து, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கோடு போட்டார். "பயம் அங்கதானே வேணும்?" என்றார். ஒரே வாரத்தில் சுவர் காய்ந்தது. ஆண்கள் எல்லோரும் எதிர்ச் சுவருக்கு மாறினார்கள். எதிர்க் கட்டடத்துக்காரர்கள் எட்டுச் சாமி ஒட்டினார்கள். அடுத்த கட்டடம் பன்னிரண்டு. சந்து முழுக்கச் சாமிகளாகி, கடைசியில் ஒதுங்க இடம் கிடைக்காமல் பிஸ்வாஸ் பாபுவின் சொந்த மைத்துனரே போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் ஓடினார். இங்கேதான் நீ எப்போதும் கதையை முடிப்பாய். எல்லோரும் கைதட்டுவார்கள்.

மாலதியை உனக்கு நினைவிருக்கும். உன்னைக் கோக்கா கோக்கா என்று செல்லமாகக் கூப்பிட்டு, நீ மிச்சம் வைத்த இட்லியைத் திட்டிக்கொண்டே சாப்பிட வைத்தவள். சித்தி முறை வைத்து நீ மாசி என்று கூப்பிட்ட மாலதி. கேனிங் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் லோக்கலைப் பிடித்து, இருட்டு பிரிவதற்குள் டாக்குரியாவில் இறங்கிவிடுவாள். அவளைப் போல அந்த ரயிலில் நூற்றுக்கணக்கான பெண்கள். நம் கட்டடத்தில் மட்டும் ஐந்து வீட்டு வேலை. பாத்திரம், துணி, தரை துடைப்பது, பாத்ரூம் கழுவுவது. எல்லாம் முடித்துச் சாயங்கால ரயிலைப் பிடிப்பாள். டைல்ஸ் ஒட்டிய பிறகு தினமும் காலையில் அந்தச் சுவருக்கு முன் நின்று கும்பிட்டு, ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டுத்தான் மேலே வருவாள். என் யோசனைக்கு எப்பேர்ப்பட்ட வெற்றி என்று நான் பூரித்துப் போனேன். வளைவில் இருந்த காளிக்கு மேலே பிஸ்வாஸ் பாபு ஒரு பல்பு போட்டார். அதற்கும் நான்தான் தூண்டினேன்.

ஆறேழு மாதம் போயிருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மாலதி அப்படியே குழாயடியில் சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. நானும் எதிர்வீட்டுப் பெண்ணும் ரிக்ஷாவில் வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனோம். இளவயசு டாக்டர். அவளைச் சோதித்துவிட்டு, சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ராத்திரியிலேர்ந்தே குடிக்கிறதில்ல டாக்டர் பாபு. வேலை முடிஞ்சு ஊருக்குப் போய்த்தான் குடிப்பேன்." ஏன் என்று அவர் கேட்டதற்கு அவள் மறுபடியும் என்னைப் பார்த்தாள். அவர் மாலதியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்ல பாத்ரூம் இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறது. இரண்டு இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு மேலாக நம் வீட்டில் வேலை செய்கிறாள். நம் கக்கூஸைத் தினமும் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவுகிறாள். ஒரு நாள்கூட அவள் அதற்குள் தனக்காகப் போனதில்லை. போகாதே என்று நான் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஐந்து வீட்டிலும் அப்படித்தான். அவள் எங்கே போகிறாள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஊரில் இருக்கிற பலகை எல்லாம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று விளையாடிய எனக்குத்தான் தோன்றவில்லை.

ரிக்ஷாவில் திரும்பும்போது கேட்டேன். அவளுக்கு வெட்கம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். "ரயில் எறங்கினதும் நாங்க பொம்பளைங்க எல்லாம் ஒண்ணாப் போவோம் பௌதி. உங்க சுவரு வளையுற எடத்துல, அந்தப் பழைய கொட்டகைக்குப் பின்னால. இருட்டா இருக்கும். ஒருத்தி காவலுக்கு நிப்பா. இப்ப அங்க டாகுர் வந்துட்டாரு. வெளக்கு வேற போட்டுட்டீங்க. அவர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எப்படி உக்கார்றது? பாவமில்லையா?" என்னை அவள் பௌதி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி என்று அர்த்தம். ஆண்கள் நாலு எட்டு நடந்து எதிர்ச் சுவருக்குப் போனார்கள். சாமிக்கு உண்மையாகப் பயந்தவர்கள் இந்தப் பெண்கள் மட்டும்தான். அவள் வைத்த செம்பருத்தியைப் பார்த்து நான் பூரித்துப் போனேனே, முன்பு அங்கே ஒதுங்கியதற்கு அவள் நின்று மன்னிப்பு அல்லவா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்!

இத்தோடு நிறுத்திவிட்டு, அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. பத்து நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். இனிமேல் நம் பாத்ரூமுக்கே போ என்று சொன்னேன். தலையாட்டினாளே தவிர இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். அவள் வெளியே வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரையும் பினாயில் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பாதி ஊற்றிவிட்டுத் திரும்பினால் மாலதி கதவருகே துடைப்பத்தோடு நிற்கிறாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "குடுங்க பௌதி, நான் கழுவுறேன். அது என் வேலைதானே" என்று வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதக் கடைசியோடு நின்றுவிட்டாள். ஜாதவ்பூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்றாள். மாலதி மாசி ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய். நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்றேன். அது பொய்யில்லை, அதுவும் பாதிக் கதைதான். இரண்டு வருஷம் கழித்து ஜாதவ்பூர் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். "கோக்கா எவ்வளவு ஒசரம் ஆயிட்டான்?" பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். சம்பளத்தைச் சொல்லவில்லை. "எங்களுக்குன்னே தனியா பாத்ரூம் இருக்கு பௌதி. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு!" என்று பெருமையாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டைல்ஸைப் பெயர்த்துவிடலாம் என்று பிஸ்வாஸ் பாபுவிடம் போய்ச் சொன்னேன். அவர் பாவம் பாவம் என்று இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார். ஒட்டின கொத்தனாரையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். "ஒட்டச் சொன்னீங்க, ஒட்டினேன். டாகுர் மேல உளி வைக்க என்னால ஆகாது" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவிடம் நீங்களாவது செய்யுங்கள் என்றேன். ஊரே அப்படி இருக்கும்போது நாம் மட்டும் என்ன செய்வது என்றார். அவரைக் குறை சொல்லி என்ன? சுத்தியல் பரணில்தான் இருந்தது. நானும் தொடவில்லை. சாமியை ஒட்டுவதற்கு அரை நாள் போதும், எடுப்பதற்கு இந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. இப்போது அங்கே பளிங்கு மேடை, இரும்புக் கேட், மணி, சனிக்கிழமை தோறும் கிச்சடிப் பிரசாதம். நீ போன பூஜை லீவுக்கு வந்தபோது அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய். எடுத்துக் கொடுத்தது நான். பழைய கொட்டகையை இடித்துவிட்டார்கள். முதல் ரயில் இன்றைக்கும் வருகிறது. அந்தப் பெண்கள் இப்போது எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் தெரியாது என்பதே உறைக்கிறது. நாளைக்கு விடியற்காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்கப் போகிறேன். நம் வீட்டில் இப்போது வேலை செய்கிற பெண் நம் பாத்ரூமுக்குத்தான் போகிறாள். அவள் வந்த முதல் நாள் நான் வாளியைத் தொடாமல் இருக்க, பால்கனியில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஆள்தான் உன் அம்மா.

உனக்கு நான் லிஸ்ட் தரமாட்டேன். புனேயில் உன் சுவருக்குப் பக்கத்தில் யார் ஒதுங்குகிறார்கள் என்று முதலில் போய்ப் பார். பகலில் மட்டும் பார்த்துவிட்டு வராதே, விடியும் முன்னாலும் பார். ஆட்டோ ஸ்டாண்டு இருந்தால் கார்ப்பரேஷனுக்கு எழுதிக் கழிப்பறை கேள், நாலு பேரிடம் கையெழுத்து வாங்கு. நாற்றம் கொஞ்ச நாள் இருந்தால் இருக்கட்டும். வீட்டு வேலைக்கு ஒரு பெண் வரத்தான் போகிறாள். அவள் வருகிற முதல் நாள் சமையலறையைக் காட்டுவதற்கு முன்னால் பாத்ரூமைக் காட்டு. நீயே காட்டு, நந்தினி தலையில் கட்டாதே. அதற்கப்புறம் உன் கை என்ன செய்கிறது என்று கவனி. என் கைதான் உனக்கும் வந்திருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு அது நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் அந்தக் கதையை உன்னால் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க முடியாது. டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று சாயங்காலம் உன்னைச் சந்துக்குக் கூட்டிப் போய் நிறுத்தினேன். உனக்கு ஒன்பது வயது. அப்பாவோடு விடியற்காலையில் அந்தச் சந்து வழியாகத்தான் லேக் பக்கம் நீச்சல் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாய். பிஸ்வாஸ் பாபுவும் நாலைந்து பேரும் பெருமையாக நின்றிருந்தார்கள். வழக்கம் போல நான் கேட்டேன். "சொல்லு பார்ப்போம், இது யாரைப் பார்த்துப் பேசுது?" நீ சிரிக்கவில்லை. வளைவில் இருந்த காளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாலதி மாசியைப் பார்த்து" என்றாய். நாலு பேர் முன்னால் என்ன அசிங்கமான பேச்சு என்று, உன் வாய்மேலேயே ஓங்கி ஓர் அடி வைத்தேன். நீ அழவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாய். அதற்குப் பிறகு நாம் அந்த விளையாட்டை விளையாடவே இல்லை.

அன்று நீ சொன்ன பதில் சரி, கண்ணா. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன். அந்த வாயால்தான் இந்தக் கதையை இனி நீ சொல்லப் போகிறாய். நந்தினியிடம் முழுசாகச் சொல். நான் உன்னை அடித்ததையும் சேர்த்துச் சொல்.

உன் அம்மா